இன்ஜின் சத்தம் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், சான் ஹோசே நகரின் எவர்கிரீன் பகுதியில் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ரீட்-ஹில்வியூ விமான நிலையத்துக்குத் தென்கிழக்கே ஒன்றரை மைல் தள்ளி எங்கள் வீடு. சின்ன விமானங்கள் போகும் என்று தெரிந்துதான் வாங்கினோம். இவ்வளவு தாழ்வாகப் போகும் என்று தெரியாது. போன மாதம் ஒரு சாயங்காலம், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அம்மா கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே வந்த விமானத்தின் சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. விழப்போகிறது என்று என் 4 வயது மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிள்ளையை வெளியே விடுவதில்லை. 1000 அடிக்குக் கீழே பறப்பதே சட்டவிரோதம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். விமான நிலையத்தை மூடச் சொல்லும் மனுவில் கையெழுத்தும் கேட்கிறார். என் கணவரோ வீட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார். நீங்கள் விமானம் ஓட்டச் சொல்லித்தருபவர். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.
— எவர்கிரீன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் எந்தத் தப்பும் இல்லை. தலைக்கு மேலே ஏதோ சரியில்லை என்று தோன்றினால் யோசித்துக்கொண்டு நிற்காமல் நகர்வதுதான் நல்லது. அவர் கேட்ட சத்தத்துக்கு என்ன பொருள் என்று தெரிந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். மீதிப் பாதி நியாயமான பயம். அதைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் சிறு விமான நிலையங்களில் 22 வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். என் வீட்டில் அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். நான் சொல்வதை அதையும் மனதில் வைத்துக்கொண்டு எடை போடுங்கள்.

ரீட்-ஹில்வியூவில் பெரும்பாலான நாட்கள் காற்று வடமேற்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அதனால் புறப்படும் விமானங்கள் ஓக்காலா அவென்யூ பக்கம் ஏறிப்போகும். இறங்குபவை உங்கள் எவர்கிரீன் மேலே வந்து, ஈஸ்ட்ரிட்ஜ் கடைவளாகத்தையும் டுல்லி சாலையையும் தாண்டி ஓடுபாதையைத் தொடும். உங்கள் வீட்டின் மேலே நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி இறங்குகிற விமானம். இறங்க வேண்டுமென்றால் விமானி த்ராட்டிலைப் பின்னால் இழுத்து இன்ஜினின் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். கீழே நிற்பவர் காதுக்கு அது இன்ஜின் நின்றுபோன மாதிரியே கேட்கும். உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சிக்னலில் நிற்கும் கார் மாதிரி.

அதுவும் அது பயிற்சி விமானமாக இருந்தால் சத்தம் இன்னும் சட்டென்று அடங்கும். ஓடுபாதைக்கு இணையாக 1000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நான் கையை நீட்டி த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டு, "இப்போது உனக்கு இன்ஜின் இல்லை, என்ன செய்வாய்?" என்று மாணவரைக் கேட்பேன். மாணவர் இன்ஜின் உதவியே இல்லாமல் சறுக்கிக்கொண்டு வந்து ஓடுபாதையில் இறக்க வேண்டும். வாரத்தில் பல தடவை நடக்கும் பாடம் இது. உங்கள் அம்மா கேட்டது இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உண்மையில் இன்ஜின் கெடும்போது பெரும்பாலும் வேறு விதமாகக் கேட்கும். இருமல் மாதிரி விட்டுவிட்டு வரும், படபடவென்று வெடிக்கும், மறுபடி எழும்பப் பார்த்து மறுபடி அடங்கும். சீராகத் தணிந்து காற்று உரசும் ஓசை மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் அதை விமானியின் கை செய்திருக்கிறது.

இன்ஜின் நிஜமாகவே நின்றாலும் விமானம் கல் மாதிரி விழாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, ஆகவே கணக்காகவே சொல்கிறேன். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பார்க்கும் செஸ்னா 172, இன்ஜின் இல்லாமல் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போகும். 1000 அடி உயரம் கையில் இருந்தால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சறுக்கலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் நேரம் கிடைக்கும். முழு எடையோடு அது 1157 கிலோ, உங்கள் வாசலில் நிற்கும் காரைவிடக் குறைவாகவே இருக்கும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் சுமாருக்கு வந்திருக்கும்.

அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே நடப்பது இதுதான். முதலில் மூக்கைத் தாழ்த்தி, சறுக்குவதற்கு ஏற்ற வேகத்துக்கு வர வேண்டும். 172-இல் அது 68 நாட், அதாவது மணிக்கு 126 கிலோமீட்டர் சுமார். கை தன் பாட்டுக்கு எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர் (எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவு), இக்னிஷன் என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். கண் மட்டும் வெளியே இருக்கும். மைதானமா, பூங்காவா, வயலா, அகலமான சாலையா? மின்கம்பி எங்கே போகிறது? ஆள் நடமாட்டம் இருக்கிறதா? கட்டுப்பாட்டு டவரிடம் பேசுவது கடைசி வேலை. விமானத்தைப் பறக்கவிடுவதை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பிழைப்பது கடினம்.

இதில் செய்யக்கூடிய பெரிய தப்பு ஒன்று உண்டு. எட்டாத ஓடுபாதையை எட்டிவிடலாம் என்று மூக்கைத் தூக்கிக்கொண்டே இருப்பது. வேகம் குறையக் குறைய இறக்கைகளின் தாங்கும் சக்தி போய்விடும். அப்புறம் விமானம் சறுக்காது, குப்புற விழும். புறப்பட்ட உடனே இன்ஜின் போய், 400, 500 அடியில் திரும்பி வர முயல்கிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. எங்கள் தொழிலில் அதற்கு "நடக்காத திருப்பம்" என்றே பெயர். மாணவர்களுக்கு நான் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன்: விமானம் போனால் போகட்டும், அது இன்ஷூரன்ஸ்காரருடையது. கட்டுப்பாட்டோடு இறங்கு.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன விமான நிலையத்தில் மாணவர் ஒருவரோடு புறப்பட்டேன். 700 அடியில் இன்ஜின் நடுங்கத் தொடங்கி பாதி சக்தி போய்விட்டது. வால்வு ஒன்று சிக்கிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. நேர் எதிரே குதிரைமசால் வயல், அறுவடை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். திரும்பலாமா என்று யோசிக்கக்கூட இல்லை. நேராகப் போய் இறக்கினேன். சக்கரம் மண்ணில் புதைந்து முன்சக்கரத்தின் கால் வளைந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. வயலின் சொந்தக்காரர் ட்ரக்கில் வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் என் கை நடுங்குவதைப் பார்த்தேன். அந்த இடத்தில் வயலுக்குப் பதில் வீடுகள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அந்த வயலைப் போன்ற வெற்று நிலத்தைப் பற்றித்தான்.

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு சான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து 1942-இல் கட்டிய தம் பழைய பயிற்சி விமானத்தில் கிளம்பினார். ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் போய்விட்டது. திரும்பி வருகிறேன் என்று டவரிடம் சொன்னார், ஓடுபாதை எட்டவில்லை, பக்கத்திலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். மரத்தின் உச்சியில் மோதி அவருக்கு நல்ல அடி. கீழே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. விசாரணை செய்த என்.டி.எஸ்.பி. (விமான விபத்துகளை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பு), கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்து விடும் ஒரு சின்ன ஜெட் திருகு கழன்றதால் வந்த வினை என்று சொன்னது. சுற்றிலும் நெருக்கமாக வீடுகள் உள்ள அந்தப் பகுதியில் புல்வெளியாக எஞ்சியிருந்தது அந்த மைதானம்தான். அது இல்லாவிட்டால் அன்றைய செய்தி வேறு மாதிரி வந்திருக்கும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 2010 பிப்ரவரி 17 காலை, பாலோ ஆல்ட்டோவிலிருந்து அடர்ந்த மூடுபனியில் கிளம்பிய இரட்டை இன்ஜின் செஸ்னா ஒன்று மின்கோபுரத்தில் மோதி, கிழக்கு பாலோ ஆல்ட்டோ குடியிருப்புக்குள் விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். சிதறிய பாகங்கள் வீடுகள்மேல் விழுந்தும், வீட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். 2021 அக்டோபரில் சான் டியேகோ பக்கம் சான்டீயில் மேகமூட்டத்துக்குள் இறங்க முயன்ற விமானம் ஒன்று தெருவில் விழுந்து விமானியும், பார்சல் கொண்டுவந்த யு.பி.எஸ். ஓட்டுநர் ஒருவரும் இறந்தார்கள். இரண்டு வீடுகள் எரிந்தன. 2025 ஜனவரி 2 அன்று ஃபுல்லர்ட்டனில், கிளம்பிய கையோடு திரும்பி வர முயன்ற நாலு இருக்கை விமானம் விமான நிலையத்தை ஒட்டிய பர்னிச்சர் கிடங்கின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. விமானத்தில் இருந்த 2 பேர் இறந்தார்கள். கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்த 19 பேருக்குக் காயம்.

முதல் இரண்டிலும் விமானம் மோதியது இன்ஜின் அமைதியாகிச் சறுக்கி வந்தபோது அல்ல. கண்ணுக்கு எதுவும் தெரியாத வானிலையில் பறந்ததால். மூன்றாவதில் ஓடுபாதையை ஒட்டியே ஆள் நிறைந்த கட்டிடம் இருந்தது. உங்கள் அம்மா பயந்த அந்தச் சறுக்கலைவிட, கட்டுப்பாடு இழந்த விமானமும், ஓடுபாதையின் முனையில் எழும் கட்டிடமும்தான் என்னைப் பயமுறுத்துகின்றன. உங்கள் வீட்டு மேலே மூடுபனிக்குள் ஒரு சின்ன விமானம் உறுமிக்கொண்டு தாழ்வாகச் சுற்றினால், அப்போது நானும் நிமிர்ந்து பார்ப்பேன்.

கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு விமான நிலையத்தைச் சுற்றியும் நிலத்தைப் பாதுகாப்பு வளையங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓடுபாதை முனையை ஒட்டி ஒன்று, அதற்கடுத்து உள்வளையம், விமானம் திரும்பும் இடத்துக்கு ஒன்று, வெளிவளையம், பக்கவாட்டில் ஒன்று, கடைசியாக விமானங்கள் வட்டமடிக்கும் சுற்றுப்பாதை முழுவதும் அடங்கிய பெரிய வளையம். எதில் என்ன கட்டலாம், எத்தனை பேர் கூடலாம், பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ வரலாமா என்று வரையறுப்பது கவுன்ட்டி (மாவட்ட) அளவிலான விமான நிலைய நிலப்பயன்பாட்டு ஆணையம். ரீட்-ஹில்வியூவுக்கான திட்டமும் வரைபடமும் சான்டா கிளாரா கவுன்ட்டி தளத்திலேயே இருக்கிறது. முதலில் அதை எடுத்து உங்கள் வீடு எந்த வளையத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒன்றரை மைல் என்றால் பெரும்பாலும் கடைசி வளையத்திலோ, அதற்கும் வெளியிலோ இருக்கும். அப்படியானால், உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், விமானம் விழும் என்பதற்காக வீட்டை விற்கத் தேவையில்லை. வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட ஃபைலையும் ஒரு தடவை புரட்டுங்கள். விமான நிலையத்தின் செல்வாக்குப் பகுதியில், அதாவது அதன் பாதிப்பு எட்டும் சுற்றுவட்டாரத்தில், இருக்கும் வீட்டை விற்பவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்துச் சட்டம். அந்தக் கட்டுக்குள் எங்கேயாவது ஒரு தாள் இருக்கும். நாளைக்கு நீங்கள் விற்றாலும் இதே தாளை நீங்களும் கொடுக்க வேண்டும்.

ஆணையம் "இங்கே கட்டாதே" என்று சொன்னாலும், நகரசபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதை மீறிக் கட்ட அனுமதிக்கலாம். அக்கம்பக்கத்தார் விழித்திருக்க வேண்டிய இடம் இது. வெற்று நிலத்தைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். நம் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஏரிக்கரையும் வாய்க்காலும் சும்மா கிடக்கும் புறம்போக்கு என்று மனை போட்டு விற்றார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்தது. ஓடுபாதை முனையில் புல் மட்டும் முளைத்துக் கிடக்கும் நிலமும் அப்படிப்பட்டதுதான். பத்து வருடம் ஒரு வேலையும் இல்லாமல் கிடக்கும். பதினோராவது வருடம் ஒரு நிமிடத்துக்குத் தேவைப்படும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 1000 அடி விதி உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஜனநெருக்கமான இடத்தில், விமானத்திலிருந்து நாலாபுறமும் 2000 அடி தூரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 1000 அடி மேலே பறக்க வேண்டும். அதே விதியின் தொடக்கத்திலேயே, புறப்படவும் தரையிறங்கவும் தேவைப்படும்போது தவிர என்று எழுதியிருக்கிறது. ஓடுபாதைக்கு நேராக ஒன்றரை மைலில் இருக்கும் வீட்டின் மேலே இறங்குகிற விமானம் 400 அடி வாக்கில் வருவது ஒழுங்கான இறக்கம். அதைவிட மிகவும் தாழ்வாக வந்தால்தான் கோளாறு. ஆனால் ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வெளியே, இறங்கவும் இல்லாமல் ஏறவும் இல்லாமல், ஒரே விமானம் தாழ்வாக வட்டமடித்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு புகார் செய்யுங்கள். வால் பக்கத்தில் N என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் நேரம் போதும். விமானப்பாதைகளைக் காட்டும் தளங்களில் அதைத் தேடி எடுக்கலாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பறக்கிற விமானத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வுக்கு மட்டுமே உண்டு. கவுன்ட்டியிடம் போய் வானத்தைப் பற்றிக் கேட்டால் கையை விரிப்பார்கள். நிலத்தைப் பற்றியும், அங்கே விற்கும் எரிபொருளைப் பற்றியும் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எரிபொருள் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் உங்கள் பிள்ளையைப் பொறுத்தவரை விமானம் விழுவதைவிட இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

காருக்குப் போடும் பெட்ரோலில் காரீயம் கலப்பதை அமெரிக்கா 1996-இல் முழுக்கத் தடை செய்துவிட்டது. பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கு மட்டும் அது தொடர்ந்தது. 100எல்எல் என்று பெயர். கண்ணாடிக் குவளையில் பிடித்தால் இளநீலமாக இருக்கும். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். புது மாடல் 172-இல் இப்படி 13 இடத்தில் வடிக்க வேண்டும். லிட்டருக்கு 0.56 கிராம் வரை காரீயம் உள்ள அந்த நீலத்தை வருடக்கணக்கில் நான் கையில் பிடித்திருக்கிறேன்.

சான்டா கிளாரா கவுன்ட்டி ஏற்பாடு செய்த ஆய்வு 2021 ஆகஸ்டில் வெளியானது. ரீட்-ஹில்வியூவைச் சுற்றி ஒன்றரை மைலுக்குள் இருந்த குழந்தைகளின் பத்து வருட ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தார்கள். அரை மைலுக்குள் இருந்த குழந்தைகளின் ரத்தத்திலும், காற்று போகும் பக்கத்தில் இருந்தவர்கள் ரத்தத்திலும் காரீயம் கூடுதலாக இருந்தது. அதே மாதம் கவுன்ட்டி முடிவெடுத்து, 2022 ஜனவரி 1 முதல் அங்கே காரீய எரிபொருள் விற்பதை நிறுத்தியது. அப்போது நான் எதிர்த்தேன். எதிர்த்ததற்குத் தொழில்காரணம் உண்டு. சும்மா கலப்பதில்லை காரீயத்தை. சிலிண்டருக்குள் எரிபொருள் நேரம் தவறி வெடிக்காமல் இருப்பதற்காகக் கலக்கிறார்கள். சக்தி வாய்ந்த இன்ஜினில் தகுதி குறைந்த எரிபொருளைப் போட்டால், முழு சக்தியில் ஏறும்போது பிஸ்டன் பொசுங்கி இன்ஜின் நிற்கும். எந்த வீட்டின் மேலே நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆய்வை முழுக்கப் படித்த பிறகு, குழந்தைகளின் ரத்தத்தை விலையாகக் கொடுத்து நான் ஓட்டக் கூடாது என்று எனக்கே பட்டது. எல்லா பெட்ரோல் விமான இன்ஜினுக்கும் பொருந்தும் காரீயமில்லாத எரிபொருள் ஒன்றுக்கு 2022 செப்டம்பரில் எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் கொடுத்தது. கலிஃபோர்னியாவில் 2031 தொடக்கத்திலிருந்து காரீய எரிபொருளை எங்குமே விற்கக் கூடாது. அதுவரை வேறு ஊரில் நிரப்பிக்கொண்டு உங்கள் மேலே பறந்து வருகிற விமானங்கள் இருக்கத்தான் செய்யும்.

நீங்கள் வந்தது தடைக்குப் பிறகு. வீடோ ஒன்றரை மைல், ஆய்வின் விளிம்பு. பயந்து சாக வேண்டியதில்லை. ஆனாலும் மகனின் டாக்டரிடம் சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. வைத்திருக்கும் கவன எல்லை. விரல்நுனியில் எடுத்ததில் கூடுதலாகக் காட்டினால், நரம்பில் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் மற்றவற்றையும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த குங்குமம், கண்மை, பொட்டலமாக வந்த மஞ்சள்தூள். உங்கள் அம்மா பெட்டியில் ரசத்துக்கு ஈயச்சொம்பு கொண்டுவந்திருந்தால் அதுவும். நல்ல வெள்ளீயமென்றால் கவலையில்லை. காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரசத்தின் புளி அதைக் கரைக்கவும் செய்யும். சோதித்துப் பார்க்கும்வரை எவர்சில்வரில் வையுங்கள். அம்மா கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மனுவுக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் உரிமை. அங்கே கிழக்கு சான் ஹோசேயில் தலைமுறையாக இருக்கும் குடும்பங்களுக்கு, அதிகமும் உழைத்துப் பிழைக்கும் லத்தீனோ மக்களுக்கு, அந்த விமான நிலையத்தின்மேல் கோபம் இருப்பது நியாயம். பிள்ளைகளின் ரத்தத்தில் காரீயம் என்று கேட்டால் நானும் அப்படித்தான் நிற்பேன். ஆனால் கையெழுத்திடுமுன் மனுவைக் கொண்டுவருபவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். எஃப்.ஏ.ஏ.விடம் கடைசியாக வாங்கிய மானியத்துக்காக, விமான நிலையத்தை மூடாமல் நடத்த வேண்டும் என்ற நிபந்தனை 2031 வரை இருக்கிறது. அதுவரை என்ன செய்யப் போகிறார்கள்? பயிற்சி விமானங்களைத் தெற்கே சான் மார்ட்டின் விமான நிலையத்துக்கு அனுப்பினால் அங்கே ஓடுபாதை முனையில் வீடு கட்ட விடாமல் காப்பது யார்? 1989 லோமா ப்ரியேட்டா நிலநடுக்கத்தில் சாலை அடைபட்டபோது வாட்சன்வில்லுக்குச் சிறு விமானங்கள்தான் நிவாரணப் பொருள் கொண்டுபோயின. அடுத்த நிலநடுக்கத்துக்கு என்ன ஏற்பாடு? சான்டா மோனிகா மக்கள் பல வருடம் போராடி, 2017-இல் எஃப்.ஏ.ஏ.வோடு உடன்படிக்கை செய்து, ஓடுபாதையை 3500 அடியாகச் சுருக்கி, 2028 கடைசிக்குப் பிறகு மூடலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறார்கள். வேகமாக நடக்கிற காரியம் இல்லை. மூடுவதோ வைத்திருப்பதோ எதுவானாலும், அதுவரையிலான வருடங்களில் உங்கள் பிள்ளை வளர்ந்துவிடுவான். அந்த வருடங்களுக்குத்தான் பாதுகாப்பு வேண்டும்.

என்னைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து நிலப்பயன்பாட்டு ஆணையத்தின் கூட்டத்துக்குப் போவேன். யாரும் போகலாம், யாரும் பேசலாம். ஓடுபாதை முனை வளையங்களில் இப்போது எந்தக் கட்டிடத்துக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று கேட்பேன். பயிற்சிப் பள்ளிகள் ராத்திரியிலும் ஞாயிறு காலையிலும் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுவதைக் குறைக்கச் சொல்வேன். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், தெருவாசிகள் நேரில் வந்து கேட்டால் பல பயிற்சியாளர்கள் காது கொடுப்பார்கள். என்னிடம் அப்படி வந்து கேட்டவர்கள் உண்டு. என் மாணவர்களின் நேரத்தை மாற்றியிருக்கிறேன்.

அருகில் எங்காவது விமானம் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. முதலில் அவசர உதவிக்கு 911. ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்காதீர்கள். இறக்கைகளில் 200 லிட்டருக்கு மேலும் எரிபொருள் இருக்கலாம், அறுந்த மின்கம்பி புல்லில் கிடக்கலாம். நின்றுபோன ப்ரொப்பெல்லரைத் தொடவே கூடாது. சிர்ரஸ் என்ற வகை விமானத்தில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு. அதை வெளியே இழுக்கச் சின்ன ராக்கெட் ஒன்று பின்புறத்தில் இருக்கிறது. அது வெடிக்காமல் உள்ளேயே இருந்தால் உதவப் போனவரைக் கொன்றுவிடலாம். உள்ளே இருப்பவர் பேசினால் தூரத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள்; தீ பிடிக்கவில்லையென்றால் அவரை இழுக்காதீர்கள், முதுகெலும்பு போயிருக்கலாம். தீ பிடித்துவிட்டால் அது உங்கள் மனசாட்சியின் முடிவு, நான் அதில் விதி சொல்ல மாட்டேன். துண்டு துணுக்கு எதையும் எடுத்து வைக்காதீர்கள். வாசல் கேமராவில் பதிந்திருந்தால் அழித்துவிடாமல் என்.டி.எஸ்.பி. ஆட்களிடம் கொடுங்கள். சத்தம் மட்டும் பதிந்திருந்தாலும் உதவும். பாலோ ஆல்ட்டோ விபத்தில் துப்பாக்கிச் சத்தத்தைப் பிடிக்க வைத்திருந்த மைக்குகளில் பதிந்த இன்ஜின் ஓசை விசாரணைக்குப் பயன்பட்டது.

பிள்ளையைக் கொல்லைப்புறத்தில் விளையாட விடுங்கள். ஒரு சனிக்கிழமை காலை அம்மாவையும் பேரனையும் கூட்டிக்கொண்டு லேக் கன்னிங்ஹாம் பூங்காவுக்குப் போய், இறங்குகிற விமானங்கள் தெரியும் பக்கமாக ஒரு மணிநேரம் உட்காருங்கள். வரிசையாக ஒவ்வொன்றாய்ச் சத்தம் அடங்கி இறங்குவதை அம்மா பார்க்கட்டும். அன்றைக்குச் சாயங்காலம் என்ன தேதி, ஏறக்குறைய எத்தனை மணி என்று அவருக்கு நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். அந்த விமானத்தின் பாதையைத் தேடிப் பார்த்து, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்கிறேன்.